வேலைக்கு ஆகாதுன்னாங்க... வலையைப் பின்னினார்!

பிசிக்ஸ் பிராக்டிகல் எக்ஸாம். கால்வனோமீட்டர் முள் இந்தப் பக்கமும் ஆடாது, அந்தப் பக்கமும் ஆடாது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் இரண்டு டேபிள் தள்ளி நிற்கிறார். பக்கத்து டேபிள் ரீடிங்கை ஓரக்கண்ணால் பார்த்து, கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி எழுதிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும் ஜீவன் எல்லா காலேஜிலும் உண்டு. யார்னு கேட்க மாட்டோம்!

ஆனால் ஒன்று. அந்த மேஜை மேல இருக்கற கருவியை யார் செஞ்சாங்க, ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு யாராவது யோசிச்சதுண்டா? விதியைக் கண்டுபிடித்தவருக்குப் பாடப்புத்தகத்தில் தாடி மீசையோடு போட்டோ உண்டு. கருவியைச் செய்தவருக்கு? 'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்பதோடு சரி.

அப்படி ஒரு கருவியைச் செய்ததற்காகவே, பங்கு போடாமல் தனி ஆளாக இயற்பியல் நோபல் பரிசை வாங்கிக்கொண்டு போனவர் ஜார்ஜ் ஷார்பக். பிரெஞ்சுக்காரர். வாங்கிய வருஷம் 1992. அதற்கப்புறம் 2025 வரைக்கும் அந்தப் பரிசை யாருமே தனியாக வாங்கியதில்லை. இரண்டு பேர், மூன்று பேர் என்று பங்கு பிரித்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். அப்போ இவர் செஞ்ச கருவி சும்மா இருக்குமா?

பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர். உங்க உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே வரிசையாக இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள். கொஞ்சம் வாயு. அவ்வளவுதான்!

போட்டோ எடுத்தே ஓய்ந்துபோனவர்கள்

1960-கள். உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களில் துகள்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு விரட்டி, ஒன்றோடு ஒன்றை மோதவிட்டுக்கொண்டிருந்தார்கள். மோதினால் புதுப் புதுத் துகள்கள் சிதறும். வம்பு என்னன்னா, சிதறுவது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மைக்ராஸ்கோப்புக்கும் சிக்காது. போன தடத்தை வைத்துத்தான் போனது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். வயலில் பன்றி வந்துவிட்டுப் போனதைக் காலடியை வைத்துச் சொல்வார்களே, அந்த மாதிரி.

அந்தத் தடத்தைப் பிடிக்க அன்றைக்கு இருந்த ஹீரோ, பபிள் சேம்பர். அமெரிக்கர் டொனால்ட் கிளேசர் 1952-ல் கண்டுபிடித்தது. கொதிக்கிற நிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிற திரவம் ஒரு தொட்டி நிறைய இருக்கும். துகள் ஊடே பாய்ந்தால், போன வழியெல்லாம் குமிழ் குமிழாகக் கிளம்பும். பளிச்சென்று ஒரு ஃபிளாஷ், ஒரு போட்டோ. அந்தப் படங்கள் மார்கழி வாசல் கோலம் மாதிரி அவ்வளவு அழகு. கிளேசருக்கு 1960-ல் நோபலும் கிடைத்தது.

அழகு சரி, வேகம்? செகண்டுக்கு ஒன்றிரண்டு போட்டோதான். எடுத்த பிலிம் சுருளை மேஜை மேல் பெரிதாக விழும்படி ஓட்டி, கோடு கோடாக அளந்து குறிக்க வேண்டும். இதற்கென்றே ஷிஃப்ட் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். லட்சக்கணக்கான படங்களைக் கண் வலிக்க வலிக்கப் பார்த்த இவர்கள் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது என்பது தனி சோகம்.

விஞ்ஞானிகளுக்கோ ஆசை வேறு மாதிரி. லட்சத்தில், கோடியில் ஒரு தடவை நடக்கிற அபூர்வமான மோதல் வேண்டும். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ரங்கநாதன் தெருவை செகண்டுக்கு ஒரு போட்டோ வீதம் எடுத்து, பிறகு வீட்டுக்குப் போய் அந்த ஆல்பத்தில் தொலைந்துபோன உங்க சித்தப்பாவைத் தேடுங்களேன். எப்போ கிடைப்பார்?

ரகசியம் கசிகிற குழாய்

இதற்கு ரொம்ப முன்னாலேயே வேறு ஒரு வழி இருந்தது. 1908-ல் ரூதர்ஃபோர்டும் ஹான்ஸ் கைகரும் செய்த குழாய். உள்ளே வாயு. நடுவே ஒற்றைக் கம்பி. கம்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே உயர் மின்னழுத்தம்.

மின்னூட்டம் உள்ள ஒரு துகள் உள்ளே புகுந்தால், வழியில் இருக்கும் வாயு அணுக்களை இடித்து எலக்ட்ரான்களை உதிர்த்துவிட்டுப் போகும். உதிர்ந்தவை கம்பியை நோக்கி ஓடும். கம்பி மெல்லியது, அதனால் அதன் பக்கத்தில் மின்புலம் படு உக்கிரம். அங்கே வந்ததும் ஒவ்வொரு எலக்ட்ரானும் வேகமெடுத்து இன்னொன்றைத் தட்டிவிடும். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஹாஸ்டலில் ஒருத்தன் காதில் மட்டும் சொன்ன ரகசியம், மெஸ்ஸில் சாப்பாடு முடிவதற்குள் வார்டன் வரைக்கும் போய்ச் சேருமே, அதே கணக்கு! கடைசியில் கம்பியில் ஒரு துடிப்பு வரும். அதைக் கருவியால் எண்ணலாம்.

மின்னழுத்தத்தைக் கொஞ்சம் அடக்கி வைத்தால், உதிர்ந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்குத் தகுந்த மாதிரி துடிப்பும் பெரிதாகவோ சிறிதாகவோ வரும். இந்த வகைக்கு 'புரொபோர்ஷனல் கவுன்ட்டர்' என்று பெயர். இது ஏதோ மியூசியம் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் நடத்தும் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளமுள்ள 3,712 குழாய்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை இந்தக் குழாய்களை வைத்துத்தான் கணக்கிட்டு, 2019-ல் வெளியிட்டார்கள். நாம போட் ஹவுஸில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் ஊரில்தான் இதெல்லாம் நடக்கிறது!

குழாய்க்கு ஒரு குறை. 'வந்துச்சு' என்று சொல்லும். குழாய்க்குள் 'எங்கே' வந்ததென்று சொல்லாது. மில்லிமீட்டர் கணக்கில் இடம் தெரிய வேண்டுமானால், மில்லிமீட்டர் அகலத்தில் ஆயிரக்கணக்கான குழாய்களை நெருக்கி அடுக்க வேண்டும். கடைசியில் வாயுவைவிடச் சுவர்தான் அதிகமாக இருக்கும்.

ஷார்பக் கேட்ட கேள்வி இதுதான். சுவரே எதுக்கு? எல்லாக் கம்பியையும் ஒரே பெட்டிக்குள் பக்கத்துப் பக்கத்தில் கட்டிவிட்டால் என்ன?

'உள்ளேன் ஐயா' பிரச்னை

'வேலைக்கு ஆகாது' என்பதுதான் அன்றைக்குப் பொதுவான அபிப்பிராயம். காரணமும் நியாயமானதே. கம்பிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கி நின்றால், ஒரு கம்பியின் துடிப்பு மின்சார உறவால் பக்கத்துக் கம்பிகளுக்கும் தாவும். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒருத்தன் 'உள்ளேன் ஐயா' சொன்னால், கடைசி பெஞ்ச் மொத்தமும் 'உள்ளேன் ஐயா' போடுகிற கதை. நிஜமாக வந்தவன் எவன் என்று புரொபசர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஷார்பக் இதை உட்கார்ந்து யோசித்தார். கம்பியில் வரும் துடிப்புக்குப் பெரும் பங்கு எலக்ட்ரான்களால் வருவதில்லை. எலக்ட்ரான்களைப் பறிகொடுத்துவிட்டுக் கம்பியை விட்டு விலகி ஓடும் நேர்மின் அயனிகளால் வருகிறது. அவை விலகும்போது, தாங்கள் புறப்பட்ட கம்பியில் எதிர்க்குறித் துடிப்பையும், பக்கத்துக் கம்பிகளில் அதற்கு நேர்மாறாக நேர்க்குறித் துடிப்பையும் உண்டாக்கும். அதாவது, வந்தவன் 'உள்ளேன் ஐயா' என்கிறான். பக்கத்தில் இருக்கிறவர்களோ 'நான் இல்லே சார்' என்று தலையாட்டுகிறார்கள்! எலக்ட்ரானிக்ஸ் சுற்றுக்கு இந்த வித்தியாசம் போதாதா?

எல்லோரும் பிரச்னை என்று ஒதுக்கிய சமாசாரமே பிரச்னையைத் தீர்த்துவிட்டது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். புது விதி எதையும் ஷார்பக் கண்டுபிடிக்கவில்லை. அவர் பயன்படுத்திய மின்னியல் முழுக்க அன்றைய இளநிலை மாணவனுக்கும் தெரிந்ததுதான். மற்றவர்கள் 'ஆகாது' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள். இவர் குறி என்ன, பிளஸ்ஸா மைனஸா என்று பார்த்தார்.

1968-ல் ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் அந்த உள்ளங்கைப் பெட்டி வேலை செய்தது. ரோஜர் பூக்ளியே என்ற கைத்தேர்ந்த டெக்னீஷியன் கூட இருந்தார். இத்தாலியர் ஃபேபியோ சவ்லியும் அந்தக் குழுவில் முக்கியமானவர். டிரான்சிஸ்டர்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய நேரம் அது. அதனால் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபையர் வைக்க முடிந்தது. ஒரே கம்பி செகண்டுக்கு லட்சக்கணக்கில் துகள்களை எண்ணியது. பிலிம் இல்லை, கழுவுகிற வேலை இல்லை, கண் வலி இல்லை. தகவல் நேரே கம்ப்யூட்டருக்குப் போனது. பழைய முறைகளைவிட ஆயிரம் மடங்கு வேகம்!

அப்புறம் வாயுக் கலவை. ஆர்கானில் கொஞ்சம் ஐசோபியூட்டேன், துளியூண்டு ஃபிரியான் என்று கலந்து பார்த்ததில், துடிப்பு ஏகத்துக்குப் பெரிதாக வந்தது. அந்தக் கலவைக்கு அவர்கள் வைத்த பெயர் 'மேஜிக் கேஸ்'. சத்தியமாக அதுதான் பெயர். ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே அப்படித்தான் இருக்கிறது!

அதோடு நிற்கவில்லை. மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, இடி கேட்டதும் 'ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கு' என்று சின்ன வயசில் சொல்வோமே, அதே வித்தையை இங்கேயும் போட்டார்கள். துகள் கடந்த நேரம் ஒன்று. உதிர்ந்த எலக்ட்ரான்கள் கம்பிக்கு வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. இரண்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தை அளந்தால், கம்பியிலிருந்து எவ்வளவு தூரத்தில் துகள் போனது என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகச் சொல்லலாம். கம்பிகளை அத்தனை நெருக்கமாகக் கட்ட வேண்டிய அவசியமும் போயிற்று. இதுதான் டிரிஃப்ட் சேம்பர்.

பத்தொன்பது வயதில் ஜெயில்

சரி, யார் இந்த மனுஷன்?

1924-ல் அன்றைய போலந்தில் இருந்த, இன்று உக்ரைனில் இருக்கிற ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். யூதக் குடும்பம். ஏழு வயதில் குடும்பத்தோடு பாரிசுக்கு வந்தார். பையன் பிரெஞ்சு கற்றுக்கொண்டு நன்றாகப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹிட்லரின் படை பிரான்சுக்குள் நுழைந்தது. எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார். 1943-ல் நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசு அவரைப் பிடித்து உள்ளே போட்டது. அப்போது வயது 19. நம்மில் பலர் செகண்ட் இயர் அரியரை நினைத்துக் கவலைப்படுகிற வயசு.

1944-ல் ஜெர்மனியின் டாஹாவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். முகாம்காரர்களின் கணக்கில் அவர் ஓர் அரசியல் கைதி. யூதர் என்று தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை முகாமை விடுவிக்கும் வரை அங்கேதான் இருந்தார்.

வெளியே வந்தவர் பாரிசில் சுரங்கப் பொறியியல் படித்து முடித்தார். 1948-ல் சேர்ந்தது ஃபிரெடெரிக் ஜோலியோ கியூரியின் ஆய்வுக்கூடம். ஆமாம், மேரி கியூரியின் மருமகன்தான். போரில் நொந்துபோன நாடு, வசதிகள் குறைவு. ஆராய்ச்சிக்கு வேண்டிய டிடெக்டரை அவரவரே செய்துகொள்ள வேண்டிய நிலை. மனுஷனுக்குக் கருவி செய்கிற பித்து அங்கேதான் பிடித்தது. 1954-ல் டாக்டர் பட்டம். 1959-ல் அமெரிக்க இயற்பியலாளர் லியான் லெடர்மேன் மூலமாக செர்னுக்குப் போனார். அங்கே 1991 வரை இருந்தார்.

டாஹாவை அவர் மறக்கவும் இல்லை. 1980 வாக்கில் சோவியத் ஒன்றியத்தில் சக்கரோவ், ஓர்லோவ், ஷரான்ஸ்கி போன்றவர்கள் சிறையிலும் காவலிலும் அடைபட்டுக் கிடந்தபோது, செர்னில் அவர்களுக்காக ஒரு குழு அமைத்துக் குரல் கொடுத்தவர்களில் ஷார்பக்கும் ஒருவர்.

அடுத்தவருக்குக் கிடைத்த பரிசுகள்

அவருடைய கம்பிகள் வந்தபிறகு நடந்தது சுவாரஸ்யம். 1974-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் சாமுவேல் டிங் குழுவினர் கம்பி டிடெக்டரை வைத்து ஒரு புதுத் துகளைப் பிடித்தார்கள். சார்ம் குவார்க் இருப்பதற்கு அத்தாட்சி. டிங்குக்கு 1976-ல் நோபல். 1983-ல் செர்னில் கார்லோ ரூபியா குழு ஒரு பெரிய டிரிஃப்ட் சேம்பரை நடுவில் வைத்து டபிள்யூ, இசட் துகள்களைக் கண்டுபிடித்தது. ரூபியாவுக்கு 1984-ல் நோபல். ஷார்பக் வலை பின்னினார், மீன் பிடித்தவர்கள் மாலை வாங்கிக்கொண்டார்கள். வலைக்காரருக்கு மாலை வந்து சேர 24 வருஷம் ஆனது. அப்போது அவருக்கு வயது 68.

அந்த உள்ளங்கைப் பெட்டியின் வாரிசுகள் இன்று எப்படி இருக்கிறார்கள் தெரியுமா? செர்னின் பெரிய மோதுவளையத்தில் இருக்கும் சிஎம்எஸ் டிடெக்டரில் மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 540 கம்பி அறைகள் இருக்கின்றன. மோதல் நடக்கிற மையத்துக்கு ரொம்பப் பக்கத்தில் சிலிக்கான் சில்லுகள் இடம் பிடித்துக்கொண்டன. பெரிய பரப்பை மலிவாக மூட வேண்டிய வெளிப்பகுதிக்கு வாயுவை விட்டால் ஆளில்லை.

குழந்தையின் முதுகெலும்பு

ஷார்பக்கின் புத்தி துகள்களோடு நிற்கவில்லை. எக்ஸ்ரே என்பதும் கதிர்வீச்சுதானே? பிலிமில் படம் விழ எக்ஸ்ரேயைத் தாராளமாகப் பாய்ச்ச வேண்டும். ஒவ்வொன்றையும் எண்ணிப் பிடிக்கிற டிடெக்டர் இருந்தால் கொஞ்சம் போதும். இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பக்கம் போனார்.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிற பிரச்னை உள்ள பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வளர்ந்து முடிகிற வரை, வளைவு கூடுகிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதுவும் வளர்கிற உடம்பில். ஷார்பக்கின் வாயு டிடெக்டரை அடிப்படையாக வைத்துப் பிரான்சில் உருவான கருவி, பிள்ளையை நிற்க வைத்தபடியே முன்பக்கமும் பக்கவாட்டும் ஒரே நேரத்தில் படம் எடுக்கும். வழக்கமான எக்ஸ்ரேயைவிடக் கதிர்வீச்சு பல மடங்கு குறைவு. இதற்காக கம்பெனி ஆரம்பித்து அலைந்தபோது அவர் நோபல் வாங்கியிருக்கவில்லை. வாங்கிய பிறகும் அலைச்சலை விடவில்லை.

1996-ல் இன்னொரு வேலை. பிரெஞ்சு ஆரம்பப் பள்ளிகளில் விஞ்ஞானத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார்களே என்று ஆதங்கம். சிகாகோவில் நண்பர் லெடர்மேன் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, வேறு இரண்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார். திட்டத்தின் பிரெஞ்சுப் பெயருக்கு 'மாவில் கை வை' என்று பொருள் சொல்லலாம். சப்பாத்தி மாவு பிசையத் தெரிய வேண்டுமா, கையை உள்ளே விடு! குழந்தையே சோதனை செய்யும், குழந்தையே தப்பாகச் சொல்லும், குழந்தையே திருத்திக்கொள்ளும். டீச்சர் பதிலை முன்கூட்டிச் சொல்லக் கூடாது. நம்ம ரெக்கார்டு நோட்டு ஆசாமிகளுக்கு இது புரியுமா என்பது வேறு விஷயம்.

அதே 1996-ல், 72 வயதில், கிரேக்கரான ஜியோமடாரிஸ் என்பவரோடும் இன்னும் இருவரோடும் சேர்ந்து அடுத்த டிடெக்டரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இந்தத் தடவை கம்பியே கிடையாது. பதிலுக்கு ஒரு மெல்லிய உலோகச் சல்லடை. அதற்குக் கீழே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. பெயர் மைக்ரோமெகாஸ். தன் கம்பிகளைத் தானே பழசாக்கிவிட்டார் மனுஷன்!

2010 செப்டம்பரில் ஷார்பக் காலமானார். அதற்கப்புறம் அந்தச் சல்லடைப் பெட்டி எகிப்துக்குப் போனது. வானத்திலிருந்து ஓயாமல் பொழிகிற மியூவான் துகள்கள் கல்லுக்குள்ளும் புகுந்து வரும். கல் குறைவாக இருக்கும் பக்கத்திலிருந்து அதிகமாக வரும். கூஃபு மன்னனின் பெரிய பிரமிடை மூன்று குழுக்கள் மூன்று விதமான டிடெக்டர்களால் பார்த்தன. ஜப்பானியக் குழுக்கள் தங்கள் கருவிகளைப் பிரமிடுக்குள் வைத்தன. மைக்ரோமெகாஸ் கொண்டுவந்த பிரெஞ்சுக் குழு வெளியே, பாலைவன வெயிலில் வைத்தது. 2017 நவம்பரில் முடிவு வெளியானது. உள்ளே இருக்கும் பெரிய நடைக்கூடத்துக்கு மேலே, குறைந்தது 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெற்றிடம்! 4,500 வருஷமாக அந்தக் கல்லுக்குள் மியூவான்கள் மட்டும் சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்திருக்கின்றன.